இரண்டு முறை கை முறிந்த பையன்: வைட்டமின் டி குறைவா, பரம்பரையா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு 12 வயது. 9 வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது முன்கை முறிந்தது. போன மாதம் கிரிக்கெட்டில் ரன் எடுக்க ஓடும்போது தடுக்கி, கையை ஊன்றி விழுந்து, வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்தது. இப்போது மாவுக்கட்டில் இருக்கிறான். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. வாரம் ஒன்று வீதம் சாப்பிட 60,000 யூனிட் சாஷே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய அப்பாவுக்கும் சின்ன வயதில் இரண்டு முறை கை முறிந்திருக்கிறது. அப்பாவைப் பெற்ற பாட்டிக்கு 68 வயதில் இடுப்பு எலும்பு முறிந்தது. "எங்கள் வம்சத்துக்கே எலும்பு வலு கம்மி" என்று அந்தப் பாட்டி சொல்கிறார். சாஷேயை எழுதிய கணக்குக்கு மேலும் தொடரலாமா, மரபணுச் சோதனை எடுக்க வேண்டுமா, பையனை இனி விளையாட விடலாமா என்று அவனுடைய அம்மா கேட்டிருக்கிறார்.

நான் குழந்தைகள் நல மருத்துவர். இந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவில் வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் மனசுக்குத் தெம்பாக ஒன்று. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பையனின் எலும்பில் பெரிய கோளாறு இருப்பது போலத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கை முறிவது நாம் நினைப்பதைவிட மிகச் சாதாரணம். மேலை நாட்டுப் பதிவேடுகளின்படி, 18 வயதுக்குள் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், பெண் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கும் எங்காவது ஓர் எலும்பு ஒரு முறையாவது முறிகிறது. அதிலும் அதிகம் முறிவது உங்கள் பையனுக்கு முறிந்த அதே இடம்தான், மணிக்கட்டை ஒட்டிய முன்கை எலும்பு. விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவோம்.

வயதும் ஒரு காரணம். பெண் பிள்ளைகளுக்கு 11, 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 13, 14 வயதிலும் இந்த முறிவுகள் உச்சத்துக்குப் போகின்றன. அதுதான் பிள்ளைகள் மளமளவென்று வளரும் காலம். ஜூனில் எடுத்த பள்ளிக் கால்சட்டை ஜனவரியில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். எலும்பு முதலில் நீளத்தில் ஓடிவிடுகிறது. அதற்குள் படிய வேண்டிய கால்சியம் பின்னால் மெதுவாக நடந்து வருகிறது. இடைப்பட்ட அந்த ஒன்றிரண்டு வருடம் எலும்பு உயரத்துக்கு ஏற்ற கனம் இல்லாமல் இருக்கும். பையன் அந்தக் காலத்தின் வாசலில் நிற்கிறான். வளர்ச்சி நிதானப்பட்டதும் கனமும் கூடிவிடும்.

சரி, அந்த 14க்கு வருவோம். லேப் தாளில் அது தடித்த எழுத்தில் இருந்திருக்கும், பக்கத்தில் 30க்கு மேல் இருக்க வேண்டும் என்றும் போட்டிருப்பார்கள். அந்த 30 பல லேப்கள் வழக்கமாகப் போடும் கோடு. பிள்ளைகளின் எலும்பு மென்மை நோய்க்காக 2016இல் உலக நாடுகளின் நிபுணர்கள் கூடி வகுத்த வரையறைப்படி, மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே இருந்தால்தான் குறைபாடு, 12 முதல் 20 வரை போதாமை, 20க்கு மேல் போதுமானது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதையே பின்பற்றுகிறது. ஆக 14 என்பது கொஞ்சம் குறைவு. சரிசெய்ய வேண்டியதுதான், ஆனால் பயப்பட வேண்டிய எண் இல்லை. 2016 முதல் 2018 வரை இந்திய அரசு நடத்திய தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு 12க்கும் கீழேதான் இருந்தது. கை முறிந்து வரும் எந்தப் பிள்ளைக்குப் பரிசோதித்தாலும் பாதி நேரம் ஒரு குறைந்த எண் கையில் கிடைத்துவிடும். கிடைத்ததும் "இதோ காரணம்" என்று எல்லாருமே அதைப் பிடித்துக்கொள்கிறோம்.

அப்படி நினைப்பதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரத்தில், முன்கை முறிந்த கறுப்பினக் குழந்தைகள் 76 பேரையும் முறியாத 74 பேரையும் ஒப்பிட்டார்கள். முறிந்தவர்களிடம் வைட்டமின் டி குறைபாடு அதிகமாகவே இருந்தது. இதுபோல வேறு ஆய்வுகளும் உண்டு. ஆனால் இப்படி இரண்டு கூட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வைட்டமின் டி குறைவாக உள்ள பிள்ளை வெளியே ஓடியாடாத பிள்ளையாக இருக்கலாம், எடை கூடிய பிள்ளையாக இருக்கலாம், பால், தயிர் சேராத பிள்ளையாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் தனியாகவே எலும்பைப் பாதிக்கும். குறைந்த எண் இத்தனைக்கும் சாட்சியாக வந்து நிற்கிறதே தவிர, குற்றவாளி அதுதான் என்று அதைக் கொண்டு நிரூபிக்க முடியாது.

நிரூபிக்க ஒரே வழி கொடுத்துப் பார்ப்பதுதான். அதை மங்கோலியாவில் செய்தார்கள். தலைநகர் உலான்பாத்தரில் குளிர்காலம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மாதக்கணக்கில் உடம்பை மூடியே வைத்திருக்க வேண்டிய ஊர். அங்கே பள்ளிகளில் 6 முதல் 13 வயது வரையுள்ள 8,851 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வைட்டமின் டி 20க்குக் கீழே இருந்தது. பாதிப் பேருக்கு வாரம் 14,000 யூனிட் உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத அதே மாதிரி மாத்திரை, மூன்று வருடம். முடிவில் மருந்து சாப்பிட்டவர்களின் சராசரி 31, சாப்பிடாதவர்களின் சராசரி 10.7. அதாவது ரத்தத்தில் மருந்து நன்றாகவே ஏறியிருந்தது. ஆனால் எலும்பு முறிவு? இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பேருக்கு முறிந்தது, வித்தியாசமே இல்லை. எலும்பு மென்மை நோய் வெளிப்படையாகத் தெரிந்த பிள்ளைகளை இதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் கதை வேறு.

என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு ஆய்வு பல சின்னச் சின்ன ஆய்வுகளுக்குச் சமம். அவ்வளவு குறைவாக இருந்த பிள்ளைகளுக்கே மூன்று வருடம் கொடுத்தும் முறிவு குறையவில்லை என்றால், 14இல் இருக்கும் உங்கள் பையனுக்குக் கை முறிந்ததற்கு அந்த எண்ணைக் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படியானால் எலும்புக்கு வைட்டமின் டி வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும். ஆனால் அது செய்கிற வேலை எது என்று தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். எலும்பைக் கான்கிரீட் தூணாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கம்பி, சுற்றிலும் சிமென்ட். கம்பி என்பது கொலாஜன் என்ற புரதம், சிமென்ட் என்பது கால்சியமும் பாஸ்பரஸும். வைட்டமின் டி இந்த இரண்டும் இல்லை. சிமென்ட் லாரியைக் கேட்டைத் திறந்து உள்ளே விடுகிற ஆள் அது. கேட் இருப்பது குடலில். வைட்டமின் டி போதாதபோது சாப்பாட்டில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 10, 15 பங்குதான் உடம்பில் சேரும். போதுமான அளவு இருந்தால் 30, 40 பங்கு சேரும். ஆள் நின்று கேட் திறந்துவிட்ட பிறகு, அதே கேட்டில் இன்னும் பத்து ஆளை நிறுத்தினால் சிமென்ட் கூடுதலாக வந்துவிடாது.

இதை மரபணுவே நமக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறது. மிக அரிதாகச் சில குழந்தைகள் வைட்டமின் டி ஏற்பி, அதாவது அது சொல்வதை வாங்கிக்கொள்ளும் புரதம், இல்லாமல் பிறக்கிறார்கள். ரத்தத்தில் எவ்வளவு வைட்டமின் டி ஓடினாலும் அவர்கள் உடம்பு அதைக் கேட்காது. கால்கள் வளைந்து, எலும்பு மென்மையாகி வருவார்கள். பலருக்குத் தலையில் முடியே இருக்காது, புருவம் இமைகூட இருக்காது. மயிர்க்கால் உயிரோடு இருக்க அந்த ஏற்பி வேண்டும். 1980களில் பிரான்சில் இப்படிப்பட்ட ஒரு குழந்தைக்குக் குடலைத் தாண்டி, இரவு நேரங்களில் கால்சியத்தை நேராக ரத்தக்குழாயில் மாதக்கணக்கில் ஏற்றிப் பார்த்தார்கள். வைட்டமின் டி துளியும் வேலை செய்யாத அந்த உடம்பில் எலும்பு கெட்டிப்பட்டது. கேட் பூட்டியே இருந்தாலும் மதில் மேலாகச் சிமென்ட் வந்ததும் தூண் எழும்பிவிட்டது. முடி மட்டும் முளைக்கவில்லை. எலும்பு விஷயத்தில் வைட்டமின் டி செய்வதில் பெரும் பங்கு குடலில் கால்சியத்தை ஏற்றுவதுதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

இதன் மறுபக்கம் நைஜீரியாவில் தெரிந்தது. அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, குழந்தைகளின் வைட்டமின் டி அளவும் படுமோசம் இல்லை, ஆனாலும் கால் வளைந்த பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் மக்காச்சோளம், பால் கிடையாது, ஒரு நாள் கால்சியம் 200 மில்லிகிராம் அளவுக்குத்தான். 1999இல் வெளியான ஆய்வில் அந்தப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி மட்டும் கொடுத்ததைவிட, கால்சியம் கொடுத்தபோது எலும்பு நன்றாக ஆறியது. கேட் திறந்திருந்து என்ன பயன், லாரியே வரவில்லை. நம் வீடுகளில் மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று அரிசியிலேயே வளர்கிற, பாலைக் கண்டால் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த நைஜீரிய ஆய்வுதான் நினைவுக்கு வரும். வைட்டமின் டி எவ்வளவு என்று கேட்டு 1,500 ரூபாய் செலவு செய்கிறோம். பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு பால், தயிர், கீரை சாப்பிடுகிறான் என்று காசில்லாமல் கேட்கிற கேள்வியைக் கேட்பதில்லை.

இப்போது பாட்டி சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி எலும்பின் அடர்த்தியில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு பரம்பரையால் வருகிறது. உயரம் வருவது போலத்தான். ஒரு மரபணு இல்லை, நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன மாற்றங்கள், ஒவ்வொன்றும் கடுகளவு. 2019இல் பிரிட்டனில் 4 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்தபோது 500க்கும் அதிகமான இடங்கள் தெரியவந்தன.

மரபணுவின் பலம் எவ்வளவு என்று பார்க்க ஒரு நிகழ்ச்சி. 1990களில் அமெரிக்காவில் ஒருவர் மோசமான கார் விபத்தில் சிக்கியும் எலும்பு ஒன்றுகூட முறியாமல் தப்பித்தார். எக்ஸ்ரேயில் எலும்புகள் அசாதாரணமாக அடர்ந்திருந்தன. பின்னர் அப்படி அடர்ந்த எலும்பு உள்ள குடும்பத்தாரை யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து, எல்ஆர்பி5 என்ற ஒரே மரபணுவில் உள்ள ஒரே ஒரு மாற்றம்தான் காரணம் என்று 2002இல் வெளியிட்டார்கள். அவர்களில் சிலருக்கு நீச்சலடிக்கும்போது தண்ணீரில் மிதப்பதே கஷ்டமாம். அதே மரபணு செயலிழந்தால் நேர்மாறு, எலும்பு நொறுங்கும்.

வைட்டமின் டி அளவையும் கொஞ்சம் மரபணு தீர்மானிக்கிறது. தோலில் உருவாவது, கல்லீரலில் மாறுவது, ரத்தத்தில் சுமந்து செல்லப்படுவது, கடைசியில் சிதைக்கப்படுவது என்று ஒவ்வொரு படியிலும் ஒரு மரபணு இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே ஓர் அளவு குறைவாகத்தான் ஓடும். ஆராய்ச்சியாளர்கள் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிறக்கும்போது யாருக்கு எந்த மரபணு வரும் என்பது குடவோலை எடுத்தது மாதிரி. அதில் ஏழை பணக்காரர், விளையாடுகிறவர் உட்கார்ந்திருக்கிறவர் என்ற பேதம் கிடையாது. வைட்டமின் டி குறைவதால்தான் எலும்பு முறிகிறது என்றால், பிறவியிலேயே அதைக் குறைக்கிற மரபணு வாய்த்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க அதிகமாக முறிந்திருக்க வேண்டும். 2018இல் எலும்பு முறிந்த 37,000 பேருக்கு மேல், முறியாத 2,27,000 பேருக்கு மேல் வைத்து இந்தக் கணக்கைப் போட்டார்கள். அவர்களுக்கு அதிகமாக முறியவில்லை. எலும்பு அடர்த்தியைக் குறைக்கும் மரபணு உள்ளவர்களுக்குத்தான் அதிகமாக முறிந்தது. இது பெரியவர்களை, அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்தது. அப்படியே நம் பிள்ளைகள் மேல் தூக்கி வைக்கக் கூடாது. ஆனால் மங்கோலியப் பிள்ளைகளிடம் மருந்து கொடுத்துப் பார்த்ததும், இந்த மரபணுக் கணக்கும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன.

ஆகவே பாட்டி சொல்கிற "வம்சத்து வலு" உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது நோய் என்று ஆகாது. 68 வயதில் அவருக்கு இடுப்பு முறிந்தது மாதவிடாய் நின்ற பிறகு வரும் எலும்புத் தேய்வால் இருக்கலாம். அந்த வயதுப் பெண்களிடம் அது பரவலாக உள்ளது. பேரனின் மணிக்கட்டோடு அதை நேராக முடிச்சுப் போட முடியாது.

நாங்கள் பயப்படுவது வேறு மாதிரி பரம்பரைக்கு. இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன், வித்தியாசம் உங்களுக்கே புரியும்.

ஐந்து வயதுப் பெண் குழந்தை. கட்டிலிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்தது. ஓடவில்லை, விழவில்லை, கட்டிலிலிருந்து இறங்கினாள், அவ்வளவுதான். அதற்கு முன் மூன்று முறிவுகள். ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில், சொட்டு நீலம் அதிகமாகப் போட்டு அலசிய துணி மாதிரி ஒரு நீலம். தலை தூக்கிப் பார்த்தால் அம்மாவின் கண்ணிலும் அதே நீலம். அம்மாவிடம் நான் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. 34 வயதில் அவருக்குக் காது மந்தம். மூன்றும் ஒரே வியாதி. கொலாஜன் என்று சொன்னேனே, அந்தக் கம்பி மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது. அதன் மரபணுவில் ஒரு எழுத்து மாறினால் புரி சரியாக முறுக்கேறாது. சிமென்ட் எவ்வளவு நல்லதாக இருந்தும் கம்பி சரியில்லாத தூண், முருங்கைக் கிளை போலப் படக்கென்று ஒடிந்துவிடும். 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இப்படி வருகிறது. இதற்கு வைட்டமின் டி மருந்தாகாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் ஊசி மருந்தை 1990களின் கடைசியில் கனடாவின் மாண்ட்ரியலில் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார்கள். இப்போது நம் ஊரிலும் கொடுக்கிறோம். அந்தப் பெண் இப்போது நடந்து பள்ளிக்குப் போகிறாள்.

இன்னொரு குழந்தை நான்கு வயது, கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தது. மூன்று இடங்களில் காட்டியிருந்தார்கள். மூன்று இடத்திலும் வைட்டமின் டி சாஷே. எத்தனை தின்றாள் என்று பாட்டிக்கே கணக்குத் தெரியவில்லை. கால் நிமிரவே இல்லை. அப்பா பெஞ்சில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் என்றேன். குள்ளமான மனிதர், முழங்கால்களுக்கு நடுவே ஒரு சொம்பு நுழைகிற இடைவெளி. "எனக்குச் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் சார்" என்றார். குழந்தையின் ரத்தத்தில் பாஸ்பரஸ் பார்த்தோம், மிகக் குறைவு. சிறுநீரகம் பாஸ்பரஸைத் தக்கவைக்காமல் வெளியே விட்டுவிடும் பரம்பரை நோய் அது. அப்பாவுக்கு இருந்தால் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் வரும், ஆண் பிள்ளைகளுக்கு வராது. ஏனென்றால் அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதை அப்பா மகளுக்குத்தான் கொடுக்கிறார். 1937இலேயே வைட்டமின் டிக்கு மசியாத எலும்பு மென்மை நோய் என்று இதை விவரித்துவிட்டார்கள், மரபணு கண்டுபிடித்தது 1995இல். ஒரு பாஸ்பரஸ் பரிசோதனையும், அப்பாவை ஒரு முறை நிற்கச் சொல்வதும் அந்தக் குழந்தைக்கு இரண்டு வருடம் மிச்சப்படுத்தியிருக்கும். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்.

இந்த இருவரோடும் உங்கள் பையனை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் வேகத்தில் விழுந்திருக்கிறான். இரண்டு முறையும் எல்லாருக்கும் முறிகிற இடத்தில்தான் முறிந்திருக்கிறது. முதல் முறை ஒழுங்காக ஒட்டியிருக்கிறது. உலக அளவில் பிள்ளைகளுக்கு எலும்புத் தேய்வு என்று சொல்ல வைத்திருக்கும் வரையறை, 10 வயதுக்குள் நீள எலும்புகளில் இரண்டு முறிவோ 19 வயதுக்குள் மூன்று முறிவோ இருந்து, கூடவே எலும்பு அடர்த்தியும் வயதுக்கு உரியதைவிட மிகக் குறைவாக இருக்க வேண்டும். பெரிய அடி இல்லாமல் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அது ஒன்றே போதும். உங்கள் பையன் அந்த எண்ணிக்கைக்குள் வரவில்லை. இன்னொரு முறை முறிந்தால், அல்லது சும்மா தடுமாறியதற்கே முறிந்தால், அல்லது விடாத முதுகுவலி வந்தால், அப்போது எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கலாம். பிள்ளைகளுக்கான அளவுகோலை வைத்துக் கணக்கிடுகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும்.

இப்போதைக்கு வீட்டிலேயே சிலவற்றைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை, பல்லின் நிறம், அப்பா வழியில் இளவயதுக் காது மந்தம், வளைந்த கால், மிகக் குட்டையான உயரம். பையன் ஆஸ்துமாவுக்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டிருக்கிறானா, வலிப்புக்கு மருந்து எடுக்கிறானா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பில் நடக்கும் வேலையைக் காட்டும் ஒரு நொதி) மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு அதிகம் ஆகாது. இவை சரியாக இருந்து, மேலே சொன்ன அடையாளம் எதுவும் இல்லையென்றால் மரபணுச் சோதனை வேண்டாம். எச்சிலை அனுப்பினால் வைட்டமின் டி மரபணுவைப் படித்துச் சொல்கிறோம் என்று வருகிற விளம்பரங்களுக்கும் பணம் கட்டாதீர்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

சாஷே விஷயம். எழுதிக் கொடுத்த தவணை வரை கொடுங்கள், 14ஐ 20க்கு மேல் கொண்டுவர அது போதும். அதோடு நிறுத்திவிடுங்கள். ஒன்றில் இருப்பது 60,000 யூனிட், அவன் வயதுக்கு ஒரு நாள் தேவை 600. ஒரு சாஷே என்பது நூறு நாள் தேவை. பலமுள்ள டானிக் என்று நினைத்து மாதக்கணக்கில் தொடர்ந்து, வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம் என்று வந்து, ரத்தக் கால்சியம் எகிறிப் படுத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இதிலும் மரபணு இருக்கிறது. 1950களில் பிரிட்டனில் குழந்தைகளின் பால் பவுடரிலும் உணவிலும் வைட்டமின் டியைத் தாராளமாகச் சேர்த்தபோது, சில குழந்தைகளுக்கு மட்டும் கால்சியம் ஏறிப்போய் உயிருக்கே ஆபத்தானது. மற்றக் குழந்தைகள் அதையே குடித்து நன்றாக இருந்தார்கள். 2011இல்தான் ஒரு விளக்கம் கிடைத்தது. வைட்டமின் டியைச் சிதைத்து வெளியேற்றும் மரபணு சிலருக்கு வேலை செய்வதில்லை. எந்தக் குழந்தைக்கு அந்த மரபணு என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. குடும்பத்தில் சிறுவயதிலேயே சிறுநீரகக் கல் வந்தவர்கள் இருந்தால் சாஷே தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வெயிலில் அந்த ஆபத்து இல்லை, தோல் அளவுக்கு மேல் தயாரிப்பதைத் தானே சிதைத்துவிடும். ஆனால் இளவெயில்தான் நல்லது என்று காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் நிறுத்துகிறோமே, அந்த நேரத்து வெயிலில் வைட்டமின் டிக்குத் தேவையான கதிர் மிகச் சொற்பம். சென்னைக்கு வடமேற்கே உள்ள திருப்பதியில் செய்த ஆய்வில் 11 மணியிலிருந்து 2 மணி வரைதான் அதிகம் உருவானது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழுகிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் பலன் இல்லை. வாரத்தில் சில நாள், கை கால் தெரிய அரை மணி நேரம் போல. கத்திரி வெயிலில் வேண்டாம்.

சாப்பாட்டில் அவன் வயதுக்கு நாளுக்கு 850 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். இரண்டு டம்ளர் பால் சுமார் 480, ஒரு கிண்ணம் தயிர் 180, 50 கிராம் கேழ்வரகு மாவில் ஓர் அடையோ கூழோ 180. முடிந்தது. பால் பிடிக்காது என்றால் தயிர், மோர், எள்ளுருண்டை, முள்ளோடு மெல்லும் நெத்திலி, முருங்கைக்கீரை. நியூசிலாந்தின் டனீடின் நகரத்தில் பாலைத் தவிர்த்த பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட எலும்பு அதிகம் முறிந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாலை விட்டால் ஈடாக வேறு ஒன்று தட்டில் இருக்க வேண்டும்.

கடைசியாக விளையாட்டு. நீங்கள் எழுதியதிலேயே என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதை நிறுத்திவிடலாமா என்று கேட்டதுதான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அதிர்வு பட்டால்தான் எலும்பு கெட்டிப்படும். டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். ஒரே ஆள், ஒரே மரபணு, ஒரே வைட்டமின் டி. அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 900 பிள்ளைகளுக்கு மேல் ஆராய்ந்தபோது, எலும்பு அடர்த்தி குறையும் மரபணுக்கள் வாய்த்தவர்களுக்கும் ஓடுவது, குதிப்பது மாதிரி விளையாட்டுகள் எலும்பைக் கெட்டிப்படுத்தின. பாட்டி சொல்வது போல வம்சத்தில் வலு கம்மி என்றால், அவனுக்கு விளையாட்டு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. ஸ்கிப்பிங், பாண்டி, கபடி, கூடைப்பந்து, எதுவானாலும் சரி. எலும்பில் சேரும் கனத்தில் பெரும் பகுதி அடுத்த ஐந்தாறு வருடத்துக்குள் சேர்ந்து முடிந்துவிடும்.

மாவுக்கட்டு பிரித்ததும் அன்றைக்கே மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஒட்டிய இடம் முதல் சில வாரம் மீண்டும் முறியக்கூடும். எக்ஸ்ரே பார்த்து எலும்பு மருத்துவர் சரி என்ற பிறகு, முதலில் நடை, அப்புறம் ஓட்டம், அதன் பின் மட்டை. சைக்கிளுக்கு ஹெல்மெட்டும், ஸ்கேட்டிங் போனால் மணிக்கட்டுக் காப்பும் போடுங்கள்.

பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் முடிவு வந்ததும் எண்களை எழுதுங்கள். அவனுடைய அப்பாவுக்குச் சின்ன வயதில் எப்படி விழுந்து, எந்த இடத்தில் முறிந்தது என்பதையும் பாட்டியிடம் உட்கார்ந்து விவரமாகக் கேட்டுச் சொல்லுங்கள். மரத்திலிருந்து விழுந்தார் என்றால் ஒரு கதை, திண்ணையிலிருந்து இறங்கும்போது முறிந்தது என்றால் வேறு கதை.